ரசீது போடும் முன் திருப்பி அனுப்பு: சொந்த மெயில் சர்வரில் ஸ்பாமைக் குறைப்பது

"எஸ்பிஎஃப் போட்டாச்சு, டிகேஐஎம் போட்டாச்சு, டிமார்க்கும் போட்டாச்சு. அப்புறமும் ஏன் ஸ்பாம் வந்துக்கிட்டே இருக்கு?"

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடும். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி, மன்னார்குடியில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறை என்று யார் நடத்தினாலும் இதே புலம்பல்தான். மெயில் அனுப்பியவர் யார் என்று சரிபார்க்க உதவும் அந்த மூன்று ஏற்பாடுகளும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை பார்க்கும் வேலை வேறு. அது என்ன வேலை என்று தெரியாமல் போட்டுவிட்டு, ஸ்பாம் நிற்கவில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஸ்பாம் தடுப்பு என்றால், உள்ளே வந்த மெயிலைப் படித்துப் பார்த்து 'லாட்டரி', 'உடனடிக் கடன்' போன்ற சொற்கள் இருந்தால் தூக்கிப் போடுவது என்று நினைக்கிறார்கள். ஒழுங்காக அமைத்த சர்வரில் பெரும்பாலான ஸ்பாமை யாரும் படிப்பதே இல்லை. வாசலில் நின்றபடியே அது திரும்பிப் போகிறது. எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். எடுத்துக்காட்டுகள் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், ஸ்பாமை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி என்ற இரண்டு மென்பொருள்களை வைத்து இருக்கும். வேறு ஏதாவது வைத்திருந்தாலும் முறை இதேதான்.

கொள்முதல் நிலையத்தில் நடப்பது

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கு அங்குள்ள வரிசை தெரியும். யாருடைய நெல் என்பதற்கு முதலில் நிலப் பதிவுகளான சிட்டா, அடங்கல் பார்ப்பார்கள். அப்புறம் ஈரப்பத மீட்டர். வழக்கமான வரம்பு 17 சதவீதம். பிறகு தூற்றிப் பதரைப் பிரித்து, 40 கிலோ சிப்பமாக எடை போட்டு, கடைசியில் ரசீது.

ஈரம் கூடுதலாக இருந்தால் எடைக்குப் போகும் முன்பே "காயவைத்துக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். ரசீது போட்ட பிறகு அந்த நெல் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பொறுப்பு. அன்று இரவு மழை பெய்து மூட்டை நனைந்தாலும் விவசாயியைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொல்ல முடியாது.

மெயில் சர்வருக்கும் இதே இரண்டு விதிகள். செலவு குறைந்த சோதனையை முதலில் வை. வேண்டாததை ரசீதுக்கு முன்பே திருப்பு.

வாசலில் நடக்கும் பேச்சு

ஒரு மெயில் சர்வர் இன்னொரு மெயில் சர்வரோடு பேசும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982-இல் வகுத்தது. ஒருவரையொருவர் அறிந்த சிறிய கூட்டத்துக்காக எழுதியதால், வந்தவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதை அப்படியே நம்பும் இயல்பு அதற்கு இருந்தது. பேச்சு இப்படிப் போகும்:

நம் சர்வர்: 220, தயாராக இருக்கிறேன்.
வந்தவர்: நான் இன்ன சர்வர்.
நம் சர்வர்: 250, சரி.
வந்தவர்: அனுப்புபவர் இன்னார்.
நம் சர்வர்: 250, சரி.
வந்தவர்: பெறுபவர் உங்கள் விற்பனைப் பிரிவு.
நம் சர்வர்: 250, சரி.
வந்தவர்: மடலைத் தரட்டுமா?
நம் சர்வர்: 354, தாருங்கள்.
வந்தவர்: (மடல் முழுவதும், முடிந்ததற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒரு புள்ளி)
நம் சர்வர்: 250, பெற்றுக்கொண்டேன்.

கடைசி 250-தான் ரசீது. அதற்கு முன் எந்த வரியிலும் நம் சர்வர் மறுக்கலாம். 5-இல் தொடங்கும் எண் (550 போல) என்றால் 'முடியவே முடியாது'. 4-இல் தொடங்கினால் (451 போல) 'இப்போது முடியாது, பிறகு வா'.

இந்தப் பேச்சில் வந்தவர் சொல்லும் அனுப்புநர் முகவரியை உறை முகவரி என்போம். மடலைத் திறந்ததும் மேலே தெரியும் அனுப்புநர் பெயர் வேறு. அது தலைப்பு முகவரி. தபால் உறையின் பின்புறம் ஒரு விலாசமும் உள்ளே கடிதத்தில் வேறு விலாசமும் எழுதலாம் அல்லவா? இங்கேயும் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எஸ்எம்டிபியில் இல்லை. ஏமாற்று மெயில்கள் இந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன.

ரசீதுக்குப் பிறகு மனம் மாறினால் என்ன ஆகும்? 250 சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பார்த்து, ஸ்பாம் என்று தெரிந்ததும் 'உங்கள் மடலை ஏற்க முடியவில்லை' என்று அனுப்புநருக்குப் பதில் மெயில் போடும் சர்வர்கள் இருக்கின்றன. அந்த அனுப்புநர் முகவரியே திருட்டு முகவரி. ஆக, ஒன்றுமறியாத யாரோ ஒருவரின் பெட்டியில் உங்கள் மறுப்பு மெயில்கள் கொட்டும். இதற்கு பேக்ஸ்கேட்டர் என்று பெயர். இதற்காகவே உங்கள் சர்வரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். பேச்சு நடக்கும்போதே 550 சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லை. ஸ்பாம் அனுப்பும் நிரல் பதிலைக் கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். உண்மையான மனிதர் தவறாக மறுக்கப்பட்டிருந்தால், அவருடைய சர்வரே அவருக்குத் தகவல் சொல்லும்.

சுருக்கமாக: கடைசி 250-க்கு முன் மறுப்பு, அதற்குப் பின் பொறுப்பு. இனி வரும் ஒவ்வொரு சோதனையும் அந்தப் பேச்சில் எந்த வரியில் நடக்கிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் நம் பக்கத்து ஓட்டைகள்

வடிகட்டி தேடும் முன் மூன்று ஓட்டைகளை அடைக்க வேண்டும்.

முதலாவது ஓபன் ரிலே. யாரோ ஒருவர் வேறு யாருக்கோ அனுப்பும் மெயிலை உங்கள் சர்வர் வாங்கிக் கடத்திவிடுவது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பு இதை அனுமதிக்காது, நாமாகத்தான் கெடுத்துக்கொள்கிறோம். அலுவலக ஸ்கேனரிலிருந்து மெயில் போகவில்லை என்று, நம்பகமான ஐபிகளைக் (கணினிகளின் இணைய எண் விலாசங்களைக்) குறிக்கும் 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் பெரிய ஐபி வட்டத்தையே எழுதிவிடுவார்கள். மென்பொருளைத் தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் டாக்கரில் சர்வரை ஓட்டினால் இன்னொரு ஆபத்து. சில அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் இணைப்பு எல்லாம் டாக்கரின் உள் ஐபியிலிருந்து வருவது போலவே தெரியும். அந்த உள் ஐபி நம்பகப் பட்டியலில் இருந்தால் உலகமே உங்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிடும். சர்வரின் பதிவேடான லாகில் வெளி இணைப்புகள் உண்மையான ஐபியோடு பதிவாகின்றனவா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதைச் சரிசெய்யுங்கள், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் சோதனைகளில் பாதி ஐபியை வைத்துத்தான் நடக்கும்.

இரண்டாவது, இல்லாத முகவரிக்கு வரும் மெயில். ஸ்பாம் அனுப்புபவர்கள் பெயர்களை ஊகித்து ஆயிரக்கணக்கில் அடிப்பார்கள். 'பெறுபவர் இன்னார்' என்ற வரியிலேயே "அப்படி ஒருவர் இல்லை" என்று 550 சொல்ல வேண்டும். எந்தப் பெயருக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் விழும்படி வைக்கும் 'கேட்ச்-ஆல்' அமைப்பு இந்தத் தடுப்பை முழுவதும் காலி செய்துவிடுகிறது. வசதி என்று நினைத்து வைத்தவர்கள் அதை எடுத்துவிட்டு, வேண்டிய பெயர்களை மட்டும் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, மாற்று சர்வர். முதல் சர்வர் படுத்துவிட்டால் மெயிலை வாங்கி வைக்க இரண்டாவது சர்வர் ஒன்றைப் பதிவு செய்து வைப்பது பழைய வழக்கம். அதில் வடிகட்டி பெரும்பாலும் பலவீனமாக இருக்கும் என்று தெரிந்து, ஸ்பாம் அனுப்புபவர்கள் வேண்டுமென்றே அங்கே போகிறார்கள். மாற்று சர்வர் வாங்கிவிட்டால் ரசீது போட்டாயிற்று. முதல் சர்வர் அதை மறுத்தால் பேக்ஸ்கேட்டர். "கரண்ட் போனால் மெயில் போய்விடுமே" என்ற பயத்தில்தான் இதை வைக்கிறார்கள். டெல்டாவில் அந்தப் பயம் நியாயமானது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகு நாகை, திருவாரூர், தஞ்சைப் பகுதிகளில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. ஆனாலும் மெயில் அப்படி உடனே தொலைந்துவிடாது. உங்கள் சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பும் சர்வர் தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் முயலும். அதற்குள் சர்வரை எழுப்ப முடியும் என்றால் மாற்று சர்வர் வேண்டாம்.

அவசரப்படுபவரை அடையாளம் காண்பது

ஸ்பாமில் பெரும்பகுதி முறையான மெயில் சர்வரிலிருந்து வருவதில்லை. வைரஸ் புகுந்த கணினிகளும் ஓட்டை விழுந்த ரவுட்டர்களும் அனுப்புகின்றன. இப்படி அடிமையாக்கப்பட்ட இயந்திரத்தை பாட் என்பார்கள். பாட்டுக்குப் பொறுமை கிடையாது. ஒரு நிமிடத்தில் எத்தனை கதவைத் தட்டினோம் என்பதுதான் அதற்குக் கணக்கு.

எஸ்எம்டிபி மரியாதைப்படி முதலில் பேச வேண்டியது வீட்டுக்காரர். வந்தவர் 220-ஐக் கேட்ட பிறகுதான் வாய் திறக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸோடு வரும் போஸ்ட்ஸ்கிரீன் என்ற வாயிற்காவலன் இதை வைத்து ஓர் அழகான சோதனை செய்கிறது. முழு வணக்கத்தைச் சொல்லாமல், 220-க்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு அரை வணக்கத்தை மட்டும் அனுப்பும். அந்தக் கோட்டுக்கு 'இன்னும் வரி இருக்கிறது, பொறுங்கள்' என்று பொருள். பிறகு 6 விநாடி சும்மா இருக்கும். ஒழுங்கான சர்வர் காத்திருக்கும். பாட் 220 என்ற எண்ணைப் பார்த்ததும் கோட்டைக் கவனிக்காமல் பேச ஆரம்பித்துவிடும். அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இதில் மடலின் ஓர் எழுத்தைக்கூட வாங்கவில்லை, படிக்கவில்லை. தேறியவரை ஒரு நாளைக்கு நினைவில் வைத்துக்கொள்வதால் அடுத்த மெயிலுக்குக் காத்திருப்பும் இல்லை. இவ்வளவு மலிவான சோதனை வேறு கிடையாது.

போஸ்ட்ஸ்கிரீனை 25-ஆம் போர்ட்டில் மட்டும் வையுங்கள். போர்ட் என்பது ஒரே கட்டடத்தின் வெவ்வேறு வாசல் எண். 25 என்பது சர்வரும் சர்வரும் பேசும் வாசல். உங்கள் ஆட்கள் போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் பாஸ்வேர்டு கொடுத்து மெயில் அனுப்ப 587 அல்லது 465. இந்த இரண்டு வாசலையும் கலக்கவே கூடாது. ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

கறுப்புப் பட்டியல்: பலனும் பொறியும்

ஸ்பாம் அனுப்பும் ஐபி முகவரிகளைத் தொகுத்து வைத்து, கேட்பவர்களுக்குச் சொல்லும் சேவைகள் உண்டு. 1998-இல் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் அவற்றில் பெரியது. கேட்பதற்கு டிஎன்எஸ்ஸையே பயன்படுத்துகிறோம். பெயரைச் சொன்னால் ஐபி முகவரியைத் தரும் இணையத்தின் விலாசப் புத்தகம்தான் டிஎன்எஸ்.

203.0.113.45 என்ற ஐபியிலிருந்து ஒருவர் கதவைத் தட்டுகிறார் என்று வையுங்கள். நம் சர்வர் அந்த எண்களைத் தலைகீழாக்கி, '45.113.0.203.ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஓஆர்ஜி' என்ற பெயருக்கு விலாசம் கேட்கும். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று வந்தால் பட்டியலில் இல்லை. 127.0.0.2 என்றோ 127.0.0.4 என்றோ வந்தால் இருக்கிறது. கடைசி எண் எதற்காகச் சேர்த்தார்கள் என்பதைக் காட்டும்: 2 என்றால் ஸ்பாம் ஆசாமி என்று கண்டறியப்பட்டவர், 4 என்றால் வைரஸ் புகுந்த இயந்திரம், 10 அல்லது 11 என்றால் நேரடியாக மெயில் அனுப்பத் தேவையில்லாத வீட்டு இணைப்பு ஐபி.

கடைசியில் சொன்ன 10, 11-ஐக் கவனியுங்கள். உங்கள் பட்டறைக்காரர் பஸ்ஸில் போய்க்கொண்டே போனில் மெயில் அனுப்புகிறார். அந்தப் போனின் ஐபி இந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். அவர் தப்பு செய்யவில்லை. அந்த வகை ஐபியே அப்படிப் பதிவானது. 587-ஆம் வாசலிலும் கறுப்புப் பட்டியல் சோதனையை வைத்தால் முதலில் அடிபடுவது உங்கள் ஆட்கள்தான். வீட்டு பிராட்பேண்டில் மெயில் சர்வர் வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே முதல் காரணம். நிலையான ஐபியோடு டேட்டா சென்டரில் ஒரு சிறிய விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுப்பதுதான் சரி.

இப்போது பெரிய பொறி. ஸ்பாம்ஹவுஸ் போன்ற சேவைகள் பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விகளுக்குச் சரியான பதில் தராது. 8.8.8.8, 1.1.1.1 போன்றவை பொது டிஎன்எஸ். அவற்றின் வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்று ஒரு பிழை எண் வரும். 'நீங்கள் கேட்கும் வழி சரியில்லை' என்பது அதன் பொருள். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸில் வெறும் பட்டியல் பெயரை மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பதில் வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். விளைவு, வருகிற மெயில் அத்தனையும் திரும்பிப் போகும், வங்கியிலிருந்து வருவதும் சேர்த்து. "ஸ்பாம் சுத்தமாக நின்றுவிட்டது" என்று இரண்டு நாள் மகிழ்ந்த பிறகுதான், வேறு மெயிலும் வரவில்லை என்று தெரியும்.

தப்பிக்கச் செய்ய வேண்டியவை:

சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த டிஎன்எஸ் தேடியை நிறுவி, அது பொது டிஎன்எஸ் எதையும் கேட்காமல் தானே நேராகத் தேடும்படி விடுங்கள். சர்வர் தன் டிஎன்எஸ்ஸாக 127.0.0.1-ஐக் கேட்க வேண்டும்.

பட்டியல் பெயருக்குப் பின்னால் எந்தப் பதிலை ஏற்க வேண்டும் என்று எழுதுங்கள்: சமக்குறி போட்டு 127.0.0.[2..11]. பிழை எண் வந்தாலும் அது இந்த வரம்புக்கு வெளியே நிற்கும்.

பிறகு சோதியுங்கள். 127.0.0.2 என்ற எண்ணைப் பட்டியல்கள் சோதனைக்காகவே எப்போதும் உள்ளே வைத்திருக்கும். 127.0.0.1 எப்போதும் வெளியே இருக்கும். முதலாவதைக் கேட்டால் 127.0.0.2 போன்ற பதிலும், இரண்டாவதைக் கேட்டால் 'இல்லை' என்ற பதிலும் வர வேண்டும். இரண்டுக்கும் பதில் வந்தால் ஏதோ தவறு.

எத்தனை பட்டியல் வைக்கலாம்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இணையத்தில் கண்ட பத்துப் பட்டியலையும் வரிசையாக ஒட்டுபவர்கள், அதில் ஏதோ ஒன்று மூடப்படும்போது நல்ல மெயிலை இழக்கிறார்கள். மூடப்பட்ட பட்டியல் எல்லா ஐபிக்கும் 'ஆம்' என்று சொல்லத் தொடங்கிய அனுபவம் இந்தத் துறைக்கு உண்டு. இலவசப் பயன்பாட்டுக்கு வரம்பும் விதிமுறையும் உண்டு. வியாபார நிறுவனமாக இருந்தால் படித்துவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

போய்விட்டு அப்புறம் வா

கிரேலிஸ்டிங் என்ற முறை 2003-இல் வந்தது. முன்பின் தெரியாத ஐபி, அனுப்புநர், பெறுநர் மூன்றும் சேர்ந்து முதல்முறை வந்தால் 451 சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். 5 நிமிடம் கழித்து அதே மூவர் மறுபடி வந்தால் ஏற்றுக்கொள்ளும். முறையான சர்வர் வரிசையில் வைத்துத் திரும்ப வரும். பாட் பெரும்பாலும் வராது.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. ஓடிபி மெயில் 10 நிமிடத்தில் காலாவதியாகும்; அது 20 நிமிடம் கழித்து வந்து சேரும். அதனால் எல்லா மெயிலுக்கும் இதைப் போடாதீர்கள். ஆர்ஸ்பாம்டி சந்தேக மதிப்பெண் வாங்கியவற்றை மட்டும் இப்படிக் காக்க வைக்கும். அது போதும்.

அடங்கல் சரி, நெல்லில் ஈரம்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

எஸ்பிஎஃப் என்பது ஒரு டொமைன்காரர் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயரின் சொந்தக்காரர்) டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் அறிவிப்பு: 'என் பெயரில் மெயில் அனுப்ப இந்த ஐபிகளுக்கு மட்டும் உரிமை'. உறை முகவரியை வைத்து இதைச் சோதிப்பார்கள்.

டிகேஐஎம் என்பது மடலின் மேல் வைக்கும் முத்திரை. அனுப்பும் சர்வர் தன் ரகசியச் சாவியால் கையெழுத்திடும். டிஎன்எஸ்ஸில் உள்ள பொதுச் சாவியால் யாரும் சரிபார்க்கலாம். வழியில் மடலை மாற்றினால் முத்திரை பொருந்தாது.

டிமார்க் என்பது, 'என் பெயர் தலைப்பு முகவரியில் இருந்து, மேற்சொன்ன இரண்டில் ஒன்றுகூட என் பெயரோடு பொருந்தவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்' என்ற கட்டளை. சும்மா கவனி, ஸ்பாம் பெட்டியில் போடு, மறுத்துவிடு என்று மூன்று நிலை உண்டு. உறை முகவரிக்கும் தலைப்பு முகவரிக்கும் இடையில் இருந்த அந்த இடைவெளியை அடைப்பது இதுதான்.

மூன்றையும் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அடங்கல் 'இது இன்னாருடைய நெல்' என்று சொல்கிறது. வெளியூர் வியாபாரி விவசாயி பெயரில் மூட்டை இறக்குவதைத் தடுக்க அது வேண்டும். ஆனால் அடங்கல் சரியாக இருப்பதால் நெல் காய்ந்திருக்கிறது என்று ஆகிவிடாது. ஈரத்துக்கு மீட்டர் தனி. ஸ்பாம் அனுப்புபவர் சில நூறு ரூபாயில் ஒரு டொமைன் வாங்கி, அதற்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கச்சிதமாகப் போட்டு அனுப்ப முடியும். அனுப்பவும் செய்கிறார். அவர் யார் என்று உறுதியாகத் தெரியும். அவர் அனுப்புவது குப்பை என்பது அதனால் மாறாது.

நீங்கள் உங்கள் டொமைனுக்கு இவற்றைப் போடுவது, உங்கள் பெயரில் மற்றவர்களுக்குப் பொய் மெயில் போகாமல் தடுக்கவும், உங்கள் நல்ல மெயில் பெரிய நிறுவனங்களின் பெட்டியில் ஏறவும்தான். 2024 பிப்ரவரி முதல் கூகுள், ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது வேண்டும் என்று கேட்கிறது. நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் மூன்றும் வேண்டும். உங்களுக்கு வரும் ஸ்பாம் குறைய வேண்டுமானால், வருகிற மெயிலில் நீங்கள் இவற்றைச் சோதிக்க வேண்டும். டிமார்க் 'மறு' என்று சொன்னால் மறுத்துவிடலாம். எஸ்பிஎஃப் மட்டும் தவறினால் மறுக்காதீர்கள், மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் பழைய முகவரிக்கு வருவதை உங்கள் சர்வருக்குத் தானாகத் திருப்பிவிட்டிருந்தால், இடையில் உள்ள சர்வரின் ஐபி எஸ்பிஎஃப்பில் இருக்காது. நல்ல மெயிலும் அதில் தவறும்.

சுருக்கமாக: இந்த மூன்றும் ஆளை அடையாளம் காட்டும், சரக்கைச் சோதிக்காது.

மீட்டரும் தூற்றும் இயந்திரமும்

வாசலில் எல்லாம் தாண்டி வந்த சிறு பகுதிக்குத்தான் உள்ளடக்கச் சோதனை. இதற்கு நேரமும் நினைவகமும் கூடுதலாகச் செலவாகும் என்பதால் கடைசியில் வைக்கிறோம். ஆர்ஸ்பாம்டியை போஸ்ட்ஃபிக்ஸோடு மில்டர் என்ற இணைப்பில் பூட்டினால், மடல் முழுவதும் வந்த பின், கடைசி 250 சொல்லும் முன், அந்த இடைவெளியில் சோதனை முடிந்துவிடும். ரசீது விதி இங்கேயும் காப்பாற்றப்படுகிறது.

அது எந்த ஒரு குறையையும் வைத்துத் தீர்ப்பு சொல்வதில்லை. ஒவ்வொரு குறைக்கும் புள்ளி போட்டுக் கூட்டுகிறது. 'உங்கள் மெயில்பாக்ஸ் நிறைந்துவிட்டது, இங்கே கிளிக் செய்யவும்' என்ற மெயிலை எடுத்துக்கொள்வோம். புள்ளிகள் விளக்கத்துக்காக: அனுப்பிய ஐபிக்குப் பெயரே இல்லை, 1. 'நிர்வாகி' என்று பெயர் போட்டு வேறு டொமைனிலிருந்து வந்திருக்கிறது, 2. சுட்டி மோசடித் தளப் பட்டியலில் இருக்கிறது, 4. சொற்களின் சேர்க்கை பழைய ஸ்பாமை ஒத்திருக்கிறது, 3.5. டிகேஐஎம் முத்திரை சரி, அதனால் 0.5 கழிக்கலாம். மொத்தம் 10. இயல்பான அமைப்பில் 4 என்றால் கிரேலிஸ்டிங், 6 என்றால் ஸ்பாம் என்று தலைப்பில் குறித்து அனுப்புதல், 15 என்றால் மறுப்பு. ஆகவே இது ஸ்பாம் பெட்டிக்குப் போகும். முதல் மாதம் இந்த எண்களைத் தொடாதீர்கள். நல்ல மெயில் எத்தனை புள்ளி வாங்குகிறது என்று லாகில் பார்த்த பிறகு மறுப்பு எல்லையை 12 வரை இறக்கலாம்.

அந்த 3.5 எங்கிருந்து வந்தது? பேய்ஸ் கணக்கிலிருந்து. நல்ல மெயிலிலும் ஸ்பாமிலும் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வந்தது என்று எண்ணி வைத்துக்கொண்டு, புதிய மெயில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும் முறை. நாச்சியார்கோவில் பட்டறைக்கு 'பித்தளை', 'கிளை விளக்கு', 'லாரி சலான்' என்று வந்தால் அது வியாபாரம். மருந்துக் கடையில் வழக்கமான சொற்கள் இங்கே வந்தால் சந்தேகம். வெளியிலிருந்து வாங்கிப் போடும் எந்த வடிகட்டிக்கும் உங்கள் பட்டறையின் பேச்சு தெரியாது. நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

குறைந்தது 200 ஸ்பாம், 200 நல்ல மெயில் காட்டும் வரை ஆர்ஸ்பாம்டியின் பேய்ஸ் வாய் திறக்காது. பலரும் ஸ்பாமை மட்டும் காட்டிவிட்டு, நல்லதைக் காட்ட மறந்து, 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள். மெயில் பெட்டிகளைப் பராமரிக்கும் டவ்காட் மென்பொருள் வைத்திருந்தால், யாராவது மெயிலை ஸ்பாம் பெட்டிக்கு நகர்த்தியதும் ஸ்பாம் என்றும், அங்கிருந்து வெளியே எடுத்ததும் நல்லது என்றும் தானாகப் பாடம் போகும்படி அமைக்கலாம். அமைத்த பிறகு ஆட்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: தாங்களே கேட்டு வாங்கிய விளம்பர மெயில் அலுத்துப் போனால் அதன் அடியில் உள்ள விலகல் சுட்டியைத் தட்ட வேண்டும், ஸ்பாம் பெட்டிக்குத் தள்ளக் கூடாது. தள்ளினால் 'ஆர்டர்', 'விலைப்பட்டியல்' எல்லாம் கெட்ட சொல்லாகிவிடும்.

தமிழில் மெயில் எழுதுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ரஷ்ய, சீன மொழி ஸ்பாம் தொல்லையைக் கண்டு, ஸ்பாம்அசாசின் போன்ற வடிகட்டிகளில் 'ஆங்கிலம் மட்டும் ஏற்கும் மொழி' என்று வைத்துவிடும் நிர்வாகிகள் உண்டு. அன்றிலிருந்து உங்கள் ஊர்க்காரர் தமிழில் எழுதும் ஒவ்வொரு விசாரணைக்கும் கூடுதல் புள்ளி விழும். மொழியை வைத்துத் தண்டிக்கும் அமைப்பு இருந்தால் தமிழைச் சேர்த்துவிடுங்கள். நல்ல மெயில் பாடத்தில் தமிழ் மெயில்கள் ஐம்பதாவது இருக்கட்டும்.

உங்கள் சர்வரே அனுப்பினால்

வருவதைத் தடுப்பதிலேயே கவனம் போய், வெளியே போவதை யாரும் பார்ப்பதில்லை. ஒரே ஒரு ஊழியரின் பலவீனமான பாஸ்வேர்டு திருடுபோனால் போதும். இரவோடு இரவாகப் பல்லாயிரம் ஸ்பாம் உங்கள் ஐபியிலிருந்து கிளம்பும். காலையில் கறுப்புப் பட்டியலில் நீங்கள்.

ஒரு கணக்குக்கு மணிக்கு 100 மெயில் என்று உச்சவரம்பு வையுங்கள். பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு அது தாராளம். தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும் ஐபியை ஃபெயில்2பேன் என்ற மென்பொருள் கொண்டு பூட்டுங்கள். இணையதளத்தில் உள்ள 'தொடர்புகொள்ள' படிவம், பெறுநர் முகவரியை வெளியாரே நிரப்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள். காத்திருக்கும் மெயில் வரிசையின் நீளத்தைத் தினமும் ஒருமுறை எண்ணுங்கள். வழக்கமாக ஐந்தோ பத்தோ இருக்கும் இடத்தில் ஆயிரம் இருந்தால், முதலில் அந்தக் கணக்கைப் பூட்டி, பிறகு வரிசையைத் துடைத்து, கடைசியில்தான் பட்டியலிலிருந்து நீக்கக் கேளுங்கள். ஓட்டையை அடைக்காமல் நீக்கச் சொன்னால் மறுநாளே திரும்பச் சேர்ப்பார்கள். ஸ்பாம்ஹவுஸ் நீக்குவதற்குப் பணம் வாங்குவதில்லை.

"மெயில் வரலைங்க" என்று யாராவது சொன்னால்

இத்தனையும் வைத்த பிறகு இந்தப் புகார் வரத்தான் செய்யும். அதனால் புதிய சோதனை எதையும் எடுத்தவுடன் அமலாக்காதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு கட்டுப்பாட்டுக்கு முன்னால் 'வார்ன்_இஃப்_ரிஜெக்ட்' என்று எழுதினால், மறுக்காமல் 'மறுத்திருப்பேன்' என்று லாகில் மட்டும் எழுதும். போஸ்ட்ஸ்கிரீனிலும் அதேபோல 'இக்னோர்' நிலை இருக்கிறது. ஒரு வாரம் அப்படி விட்டு, அதில் வாடிக்கையாளர் யாரும் மாட்டவில்லை என்று பார்த்துவிட்டு அமலாக்குங்கள்.

புகார் வந்ததும் அனுப்பியவரின் டொமைனை லாகில் தேடுங்கள். வாசலில் மறுத்த மெயில் 'நோக்யூ' என்ற சொல்லோடும், மடல் முழுவதும் வந்த பின் ஆர்ஸ்பாம்டி மறுத்தது 'மில்டர்-ரிஜெக்ட்' என்ற சொல்லோடும் பதிவாகியிருக்கும். அதே வரியில் எந்தச் சோதனை, எந்த எண் என்பதும் இருக்கும். 451 என்றால் சற்று நேரத்தில் வந்துவிடும் என்று சொல்லலாம். 550 அல்லது 554 என்றால் அந்தச் சோதனைக்கு விதிவிலக்குத் தர வேண்டுமா என்று யோசியுங்கள். இந்த இரண்டு சொல்லும் இல்லை, ஆனால் மடல் ஏற்கப்பட்டிருக்கிறது என்றால் ஸ்பாம் பெட்டியில் பாருங்கள். டொமைன் பெயரே லாகில் இல்லை என்றால் அவருடைய சர்வரின் ஐபியைக் கேட்டு வாங்கித் தேடுங்கள். போஸ்ட்ஸ்கிரீனின் வணக்கச் சோதனையில் விழுந்தவர், அமைப்பைப் பொறுத்து, பெயர் சொல்லும் கட்டத்துக்கே வராமல் துண்டிக்கப்பட்டிருக்கலாம், அப்போது அனுப்புநர் முகவரி இல்லாமல் ஐபிதான் பதிவாகியிருக்கும். அதுவும் இல்லை என்றால் அந்த மெயில் உங்கள் வாசலுக்கே வரவில்லை. அவருக்குத் திரும்பி வந்த மறுப்பு மெயிலை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். எந்தச் சர்வர், எந்த எண்ணைச் சொல்லி மறுத்தது என்று அதில் எழுதியிருக்கும்.